நொட்டாங்கை முடிச்சு

‘அடையாளம்’னு ஒத்தை வார்த்தையைப் போர்டுல எழுதிப் போட்டு, இதுல அஞ்சாறு நிமிஷப் படம் ஒண்ணு செஞ்சுட்டு வாங்கடான்னா என்னத்தைச் செய்ய? எங்க ராஜகுரு சார் அப்படித்தான் சொன்னாரு. நான் அனிமேஷன் மூணாவது வருஷம், திருமங்கலம் ரோட்டுல இருக்கிற காலேஜ். படத்துல கைவேலை ஒண்ணு வரணும், பாட்டு ஒண்ணு வரணும், ரெண்டும் சேந்து ஒரு ஆளைக் காட்டணும். அதுதான் பைனல் ப்ராஜெக்ட். விக்ரம் பய சிரிச்சான், அவன் மாமா கரகாட்டத்துக்கு நாயனம் வாசிக்கிறவரு, அவனுக்கு என்ன கவலை. எங்க வீட்டுல என்னா இருக்கு? அம்மா ஆனிமேரி மிஷன் ஸ்கூல் டீச்சர். அப்பா குவைத்துல. எங்க வீட்டுக் கைவேலைன்னா அம்மா பரீட்சைப் பேப்பர் திருத்துறதுதான். பாட்டுன்னா ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல நான் வாசிக்கிற கீபோர்டு. அதைப் படமா எடுத்தா எவன் பாப்பான்?

அதனால மாடி வீட்டுக்குப் போனேன். முனிச்சாலையில நாங்க ஒன்பது வருஷமா வாடகைக்கு இருக்கிற வீடு அது. கீழ நாங்க, மேல வீட்டுக்காரங்க. ரங்கநாயகியக்காவும் அவங்க வீட்டுக்காரர் சௌரிராஜன் அண்ணனும் சௌராஷ்ட்ரா ஆளுக. உள்ள அவங்க பாஷை பேசுவாங்க, படிக்கட்டுல இறங்குனா தமிழ். அக்கா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறவங்க. துணியில கடுகளவு நகத்தால கிள்ளித் தூக்கி, அதைச் சுத்தி நூலை நாலு சுத்துச் சுத்தி இறுக்கி, அறுக்காம அடுத்த முடிச்சுக்குப் போகணும். சாயத்துல முக்கினா கட்டுன இடத்துல சாயம் ஏறாது. அவுத்தா அங்க ஒரு புள்ளி நிக்கும்.

இன்னொரு வழக்கம் உண்டு. அசல் சுங்குடியை முடிச்சோடயேதான் விப்பாங்க. வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து அவுத்துக்குவாங்க. கையால கட்டுனதுங்கிறதுக்கு அதுதான் சாட்சி. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான், அந்த அரைகுறைதான் என்னைக் கெடுத்துச்சு.

அக்காகூட உக்காந்து முடிச்சுப் போட சமயநல்லூர்ல இருந்து தினம் பஸ்ஸுல வருவாங்க மீனாக்கா. முப்பது வயசு இருக்கும். அவங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுக்குத் துணி வாங்கிட்டுப் போயி முடிச்சு வேலை பழக்கிவிட்டதும் அவங்கதான். மீனாக்காவுக்கு நொட்டாங்கைப் பழக்கம். எல்லாரும் நூலை வலப்பக்கமாச் சுத்துனா இவங்க இடப்பக்கமாச் சுத்துவாங்க. “கண்ணை மூடிட்டுத் தடவுனாலும் ஒன் முடிச்சு தெரிஞ்சிரும்டி”ன்னு ரங்கநாயகியக்கா கிண்டல் பண்ணுவாங்க. வேலை செய்யும்போது மீனாக்கா வாயை மூடிக்கிட்டே ஒரு ராகம் இழுப்பாங்க. வார்த்தை கிடையாது. ஒரு இழுப்புக்கு ஒரு முடிச்சு. இழுப்பு முடியும்போது நூலு சரியா இறுகும். நான் மைக்கை வச்சு அதை ரெண்டு மணிநேரம் பதிஞ்சு வச்சேன்.

அப்படிப் பதியும்போதுதான் அவங்க சண்டையும் அதுல விழுந்துச்சு. ஒரு கைவினைக் கண்காட்சிக்கு அக்கா சேலை ஒண்ணு அனுப்புறாங்க. உடம்பு பூரா அக்கா போட்ட முடிச்சு, முந்தி மட்டும் மீனாக்கா. முந்தியிலதான் வேலையே, மயிலும் கொடியுமா அடைச்சு மூவாயிரத்து அறுநூறு முடிச்சு. அனுப்புற சீட்டுல ‘கைவேலை: ரங்கநாயகி’ன்னு எழுதியிருந்துச்சு.

“முந்திக்கு என் பேரையும் போடுங்கக்கா”ன்னாங்க மீனாக்கா.

“இது எங்க ஆளுக தொழில்னு சொல்லித்தான்டி கூப்பிட்டிருக்காங்க. ஒம் பேரைப் போட்டா அதென்ன இதென்னன்னு கேப்பாங்க. அடுத்த தடவை பாக்கலாம்.”

“போன தடவையும் இதான் சொன்னீங்க.”

அதோட மீனாக்கா ராகம் இழுக்கிறதை நிப்பாட்டிட்டாங்க. நான் ஹெட்போனைக் கழட்டிட்டுக் கீழ இறங்கிட்டேன். எனக்கு எதுக்கு அடுத்த வீட்டு வம்புன்னு அப்ப நெனச்சேன் பாருங்க, அந்தப் புத்தி அப்புறமும் இருந்திருக்கலாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. முடிச்சுக தானா அவுந்து புள்ளி புள்ளியாப் பூக்கணும். ஒரு முடிச்சை அவுக்கணும், கையை எடுக்கணும், ஒரு போட்டோ. அடுத்த முடிச்சு, அடுத்த போட்டோ. பன்னெண்டு போட்டோ ஓட்டுனா ஒரு செகண்டு. அக்காகிட்ட கேட்டேன். அவங்களும் நல்ல மனசாத்தான் சொன்னாங்க. “பரமக்குடியில எங்க சொந்தத்துல கல்யாணம். வியாழக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாரோம். பீரோவுக்கு மேல நான் கட்டுன மெரூன் துணி ஒண்ணு வச்சிருக்கேன், சாயம் திட்டுத்திட்டா விழுந்த கழிவு. அதை அவுத்துப் படம் எடுத்துக்கோ. சாவி டீச்சர்கிட்ட இருக்கும்.”

வியாழக்கிழமை காலையில மீனாக்கா வந்து அம்மாகிட்ட சாவி வாங்கி, முந்தியில பாக்கியிருந்த கடைசி வரிசையை முடிச்சுட்டு, மத்தியானம் சாவியைக் குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு நான் மாடிக்குப் போனேன்.

மெரூன் துணி இருந்துச்சு, அக்கா சொன்ன எடத்துல. கேமராவுல பாத்தா ரத்தம் காஞ்ச மாதிரி இருந்துச்சு, திட்டு வேற. பக்கத்துல கூடையில அந்தச் சேலை, மடிச்சு வச்சது. நல்ல மஞ்சள். முந்தியைப் பிரிச்சு லைட்டுக்குக் கீழ விரிச்சேன். ஐயோ, என்னா அழகு. மூவாயிரம் மொட்டு. நான் யோசிக்காம இல்ல, நல்லா யோசிச்சேன். சாயம் ஏறியாச்சு, முடிச்சை எப்படியும் ஒருத்தர் அவுக்கத்தான் போறாங்க, அது நானா இருந்தா என்ன? கேட்டா ஒரு சாரி சொல்லிக்கலாம். அக்காவுக்கு நான் செல்லப்பிள்ளைதானே. அப்படியே என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டு மெரூன் துணியைத் தூக்கி ஓரமா எறிஞ்சுட்டேன்.

மூணு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகல, கீபோர்டுக்கு வேற பயலை அனுப்பினேன். ஒரு நுனியைத் தேடி இழுத்தா முடிச்சு இளகும், அடுத்தது நிக்கும். மீனாக்கா குரலை ஸ்பீக்கர்ல ஓடவிட்டு அந்தத் தாளத்துக்கே அவுத்தேன். ஒரு விஷயம் உறுத்துச்சு. பாதி முடிச்சுல வெள்ளைப் புள்ளி வந்துச்சு. மீதிப் பாதியில ஒண்ணுமே வரல, வெறும் மஞ்சள்மேல மஞ்சள், ஒரு சுருக்கம் மட்டும். இது எதுக்கு வேலை மெனக்கெட்டுக் கட்டியிருக்காங்கன்னு ஒரு நிமிஷம் கேட்டிருந்தா போதும். கேக்கல. வெள்ளை வந்த போட்டோவை வச்சிக்கிட்டு மத்ததை அழிச்சேன். முந்தியை உள்பக்கமா மடிச்சுக் கூடையில வச்சுட்டு இறங்குனப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி.

திங்கக்கிழமை காலையில மாடியில அக்கா போட்ட சத்தம் அவங்க பாஷையில இருந்துச்சு. எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா புரிஞ்சிருச்சு. அம்மா கரண்டியோட மேல ஓடுனாங்க. நான் பின்னாலயே போயி வாசப்படியிலயே நின்னுட்டேன். அக்கா முந்தியை மடியில போட்டு உக்காந்திருக்காங்க.

“இன்னும் செவப்புல முக்கணும் டீச்சர். இன்னைக்குத்தான் சாயம் போடுற அசோக்குமாரு துணியைக் கேட்டிருந்தாரு. மொதக் கட்டு வெள்ளைக்கு. ரெண்டாவது கட்டு மஞ்சளுக்கு. செவப்பு ஏறுனா அம்புட்டு மஞ்சளும் அப்பத்தான் தெரியும். இப்ப முக்குனா முந்தி பூரா வெறும் செவப்பு. வெள்ளிக்கிழமை கண்காட்சி. பன்னெண்டு நாள் கட்டுனது, இனி எங்க கட்ட?”

அந்த வெறும் மஞ்சள் முடிச்சுக எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன். சத்தியமாத் திறந்தேன். அதுக்குள்ள அக்கா கேட்டாங்க, “நான் போனப்புறம் யாரு டீச்சர் சாவி வாங்குனா?”

“மீனா வந்துச்சு வியாழக்கிழமை. அப்புறம் இவன் அந்த மெரூன் துணியைப் படம் எடுத்தான்”னாங்க அம்மா.

அக்கா என்னைப் பாத்தாங்க. “நீ கூடையைத் தொட்டியாடா?”

“இல்லக்கா. மெரூன்தான் எடுத்தேன்.”

அவ்வளவுதான், வாயில இருந்து வந்துருச்சு. நான் யோசிச்சுச் சொன்ன பொய்கூட இல்ல, தானா வந்துச்சு. வந்தப்புறம் அதைக் காப்பாத்தணுமே. மெரூன் துணி கீழ எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில முடிச்சோடயே சுருண்டு கெடக்கு, ஞாயித்துக்கிழமை இறங்கும்போது கையோட கொண்டுவந்தது. “இந்தா காட்டுறேன்”னு கீழ போயி அதை அள்ளிக்கிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, கடையில வாங்குனவங்க மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தேன். பட்பட்டுன்னு அஞ்சு நிமிஷத்துல அம்புட்டும் அவுந்துச்சு. திரும்பக் கொண்டுபோயி அக்கா மடியில வச்சேன். அவங்க அதைப் பாக்கக்கூட இல்ல. “ஒன்னைச் சொல்லலடா”ன்னாங்க.

பத்து மணிக்கு மீனாக்கா வந்தாங்க, எப்பவும் போல, தூக்குவாளியோட. அக்கா எழுந்திருக்கல.

“பேரு போடலங்கிற கோவத்துக்கு இப்படியாடி பண்ணுவ?”

மீனாக்கா முந்தியைப் பாத்தாங்க, குனிஞ்சு கையில எடுத்துப் பாத்தாங்க. “நான் போட்டதை நானே ஏன்க்கா அவுக்கப்போறேன்?”

“ஒன்னோடது மட்டும்தானே அவுந்திருக்கு. நான் போட்டதுல ஒண்ணு தொடல பாரு. வேற எவளுக்குத் தெரியும் எது யாரு முடிச்சுன்னு?”

எனக்கு முந்தி மட்டும் போதுமா இருந்துச்சு, அதான் உடம்பைத் தொடல. அது இப்படி ஒரு சாட்சியா நிக்கும்னு யாருக்குத் தெரியும். மீனாக்கா என் பக்கம்கூடத் திரும்பல. இடுப்புல செருகியிருந்த நூல்கண்டை எடுத்துக் கூடையில போட்டாங்க. “சரிக்கா”ன்னாங்க. தூக்குவாளியை எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டித்தான் படியிறங்குனாங்க. நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

அதுக்கப்புறம் நாலு மாசம். படம் வளந்துச்சு. மஞ்சளைத் தேடிப் பிடிச்சு சாப்ட்வேர்ல நீலமா மாத்தினேன். ராஜகுரு சார் ஏன்டான்னு கேட்டப்ப, நீலம்தான் சார் கண்ணுக்கு ஆழமா இருக்குன்னு பெரிய இவனாட்டம் பேசினேன். உண்மையில அக்கா என்னைக்காவது பாத்தா தெரிஞ்சிரக்கூடாது, அதுதான் ஆழம். கடைசியில பேரு போடுற எடம் வந்துச்சு. ‘முடிச்சு: ரங்கநாயகி’ன்னு போட்டேன். இசைக்கு மீனான்னு போட்டா அக்கா பாக்கும்போது வம்பு. யோசிச்சுப் பாத்துட்டு ‘இசை: மரபு’ன்னு போட்டேன். அழகா இருந்துச்சு. விக்ரம்கூட, “மாப்ள, செம வெயிட்டா இருக்குடா”ன்னான்.

தூக்கம் வராமத்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செஞ்ச பாவத்தைச் சாமியாருகிட்டச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். மெரூன் துணி வரைக்கும். “அந்த ரெண்டு பேருகிட்டயும் போயிச் சொல்லு. அதுதான் ஒனக்குப் பரிகாரம்”னாரு சாமியாரு. ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும். வெளிய வந்து நானாவே அம்பத்துமூணு மணியும் முழங்கால்ல நின்னு சொன்னேன், அவரு கேக்காததை. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். அதை நெனச்சாத்தான் இப்ப எனக்கு என்மேல கோவம் கோவமா வருது.

அடுத்த வாரமே மீனாக்காவைப் பாத்தேன். கப்பலூர் ஸ்டாப்புல காலேஜ் பஸ் நின்னப்ப தண்ணி பாட்டில் வாங்க இறங்கினேன். நீலக் கோட்டுப் போட்டு நிக்கிறாங்க, அட்டைப்பெட்டி கம்பெனியில வேலையாம். விரல் பூராப் பிளாஸ்திரி.

“தம்பி, படம் முடிஞ்சிருச்சா?”ன்னு சிரிச்சாங்க.

“முடிஞ்சிருச்சுக்கா.”

“நல்லா வந்துச்சா?”

“ம்.”

அப்புறம்தான் சொன்னாங்க. அக்கா அந்த நாலு வீட்டுக்கும் துணி குடுக்கிறதை நிப்பாட்டிட்டாங்களாம். மத்த முடிச்சு வீடுகளுக்கும் சேதி போயிருச்சாம். “தெருவுல தண்ணிக்கு நின்னா, ஒன் கோவத்துக்கு எங்க பொழப்பையும் சேத்து அவுத்துட்டியேங்கிறாளுக. நான் செய்யலன்னா எவ நம்புறா? இப்பெல்லாம் எல்லாரும் புடிச்சுட்டுப் போனப்புறம்தான் குழாய்க்குப் போறேன். வேலை போனாப் போகுது தம்பி, இங்க கெடைச்சிருச்சு. அந்தக் கெட்ட பேருதான் போகல. நீ அந்த வீட்டுல இருக்கிற பிள்ளை. அக்காகிட்ட நீயாவது சொல்லேன், மீனா அப்படிச் செய்யிற ஆளு இல்லன்னு.”

“சொல்றேன்க்கா”ன்னேன்.

பஸ்ஸு ஏறி சீட்டுல உக்காந்தப்ப தண்ணி பாட்டில் வாங்கவே இல்லங்கிறது தெரிஞ்சுச்சு. வீட்டுக்குப் போனேன். அக்கா மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க. “அக்கா”ன்னேன். “என்னடா”ன்னாங்க. “மோட்டார் போடட்டா”ன்னு கேட்டுட்டுக் கீழ வந்துட்டேன்.

இந்த லட்சணத்துல ராஜகுரு சார் எனக்குத் தெரியாம அக்காவுக்கே போன் பண்ணி, படங்களைக் காட்டுற அன்னைக்கு நீங்கதான் விருந்தாளின்னு சொல்லிட்டாரு. நான் ஆனமட்டும் பாத்தேன். தூரம்க்கா, வெயிலுக்கா, போரடிக்கும்க்கா. “எங் கைவேலையைப் படமா எடுத்திருக்க, நான் வராமயா?”ன்னு நல்ல சேலை கட்டி, பூ வச்சு, அம்மாவோட ஸ்கூட்டியில என் பின்னால ஏறி உக்காந்துட்டாங்க. வழி பூரா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்த அந்தக் கை கனத்துச்சு.

ஹால்ல முதல் வரிசையில அவங்க, பக்கத்துல நான். விக்ரம் படம் முடிஞ்சு என் படம். இருட்டுல முதல்ல அந்தக் குரல் மட்டும். அக்கா தலையை லேசாத் தூக்குனாங்க. அப்புறம் நீலத் துணி. முடிச்சு ஒண்ணு அவுந்துச்சு, இன்னொண்ணு, பத்து, நூறு. பின்னால பிள்ளைக ஆ ஓன்னு சத்தம். திரை முழுக்கப் பெருசா ஒரே ஒரு முடிச்சு வர்ற எடம் ஒண்ணு உண்டு, நூலு சுத்து சுத்தாப் பிரியும். நான் ரொம்பப் பெருமையா எடுத்தது. அப்ப ஓரக்கண்ணால பாத்தேன். அக்காவோட ஆள்காட்டி விரல் மடியில சுத்திக்கிட்டு இருந்துச்சு. வலப்பக்கமா ஒரு சுத்து. நிறுத்திட்டு, இடப்பக்கமா ஒரு சுத்து.

கலரை மாத்தின எனக்குக் கையை மாத்தத் தெரியல.

அதுக்கப்புறம் அவங்க திரையைப் பாக்கல. படம் முடியிற வரைக்கும் என்னைத்தான் பாத்தாங்க. நான் திரும்பல. திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். கை தட்டுனாங்க, எழுந்து நின்னு தட்டுனாங்க. ராஜகுரு சார் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் குடுத்தாரு. அக்காவுக்கு மேடை பழக்கமில்ல. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க.

“இந்த முடிச்சு நான் போட்டது இல்ல. மீனான்னு ஒரு பொண்ணு. சமயநல்லூரு. பாடுறதும் அவதான்.”

அம்புட்டுதான் பேசினாங்க. தன்னடக்கம்னு நெனச்சு ஹால் இன்னும் பலமாக் கை தட்டுச்சு. சார் என் முதுகுல தட்டுனாரு. எனக்கு அந்தச் சத்தம் ஒவ்வொண்ணும் கன்னத்துல விழுற மாதிரி இருந்துச்சு.

வெளிய ஸ்கூட்டிகிட்ட வந்து நின்னாங்க. அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

“அவ இப்ப எங்க இருக்கா?”

“கப்பலூர்லக்கா. அட்டைப்பெட்டி கம்பெனி.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தேன்.”

“பேசுனாளா?”

“பேசுனாங்க.”

“என்ன சொன்னா?”

சொன்னேன். குழாய்ப் பேச்சு, நாலு வீடு, அந்தப் பேரு, எல்லாம். சொல்லச் சொல்ல அக்கா முகம் சின்னதாயிக்கிட்டே போச்சு. தலையில வச்ச பூவை எடுத்து கைப்பைக்குள்ள போட்டாங்க. “வண்டியை எடு”ன்னாங்க. இந்தத் தடவை என் தோளைப் பிடிக்கல, பின்கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அஞ்சரைக்கு ஷிப்ட் விட்டுச்சு. கப்பலூர்க் கம்பெனி கேட்டு வாசல்ல நீலக் கோட்டுக கும்பலா வந்துச்சு. மீனாக்கா எங்களைப் பாத்ததும் நின்னுட்டாங்க. நான்தான் சொன்னேன். லாரிச் சத்தத்துல ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு. “அவுத்தது நான்க்கா. படத்துக்காக. மெரூன் எடுத்தேன்னு சொன்னது பொய்.”

மீனாக்கா அழல, திட்டல. “காமி”ன்னு கையை நீட்டுனாங்க.

போன்ல போட்டுக் குடுத்தேன். ரோட்டோரம் நின்னு ஆறு நிமிஷமும் பாத்தாங்க. அவங்க குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அவங்களுக்கே கேட்டுச்சு. அவங்க கட்டுனது ஒண்ணொண்ணா அவங்க கண்ணு முன்னாலயே அவுந்துச்சு. ரெண்டு எடத்துல பிளாஸ்திரி போட்ட விரலால நிறுத்திப் பாத்தாங்க. கடைசியில பேரு வந்தப்பவும் நிறுத்தினாங்க. எழுத்துக் கூட்டி வாசிச்சாங்க.

“முடிச்சு ரங்கநாயகி.” அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. “இசை மரபு.” போன்ல இருந்து கண்ணை எடுத்து என்னைப் பாத்தாங்க. “மரபுன்னா யாரு தம்பி?”

கிண்டலே இல்ல, நெசமாக் கேட்டாங்க. வேற யாரோ ஒரு ஆளு பேரு போலன்னு நெனச்சுக் கேட்டாங்க. நாலு மாசமா வராத அழுகை அப்ப வந்துச்சு, நடுரோட்டுல, சின்னப்பய மாதிரி. அவங்க நான் அழுது முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னாங்க.

“திங்கக்கிழமை வாரியா மீனா?”ன்னு அக்கா கேட்டாங்க. “சீட்டுல ஒம் பேரை மொதல்ல எழுதுறேன்.”

“எனக்கு ஷிப்ட் இருக்குக்கா. அந்த நாலு வீட்டுக்குத் துணி குடுத்துவிடுங்க.” அப்புறம் என் பக்கம் திரும்புனாங்க. “எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அவுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எங்க தெருவுல வந்து சொல்லு.”

“வாரேன்க்கா. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாரேன்.”

கம்பெனி பஸ்ஸு வந்துருச்சு. படியில ஏறிட்டுத்தான் திரும்பிப் பாத்தாங்க.

“அன்னைக்குச் சொல்றேன்னும்தான் சொன்ன”ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கெல்லாம் சமயநல்லூர்ல இறங்கிட்டேன். பையில லேப்டாப் இருந்துச்சு, பேரு மாத்தின படத்தோட. மீனாக்கா வீடு எதுன்னு எனக்குத் தெரியாது. தெருமுனைக் குழாயில ஏழெட்டுப் பேரு வரிசையில நின்னாங்க. அதுல மீனாக்கா இல்ல. முன்னால நின்ன அம்மா நெறஞ்ச குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, யாருப்பா வேணும்னு கேட்டாங்க.

“மீனாக்கா முடிச்சை அவுத்தது யாருன்னு சொல்ல வந்திருக்கேன்”ன்னேன். “நான்தாங்க.”

அவங்க குடத்தைக் கீழ இறக்கி வச்சாங்க.